எழுத்து மாறாத வசனம்

குருவிமடை ஊரில் மிராசுதார் சாம்பசிவம் கண்மாய்த் தண்ணீரைத் தன் வயலுக்கு மட்டுமே திறந்துவிடுவார். கலெக்டர் வரப்போகிறார் என்று தெரிந்ததும், ஊரே செழிப்பாக இருப்பதாகத் தானே ஒரு நாடகம் எழுதினார். குடியானவன் வேஷம் கூத்துக்காரன் காத்தமுத்துவுக்கு.

“ஒரு எழுத்து மாறினாலும் உன்னை ஊரைவிட்டே விரட்டிடுவேன்” என்றார்.

“மாறாதுங்க எசமான்” என்றான் காத்தமுத்து. அவன் நாற்றும் கருகிக்கொண்டுதான் இருந்தது.

கலெக்டர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, அவன் குடத்தோடு மேடைக்கு வந்தான். “எங்கள் ஊரில் தண்ணீருக்குக் குறையே இல்லை!” என்று முழங்கி, குடத்தை வாயில் கவிழ்த்தான். ஒரு சொட்டு விழவில்லை. குடத்தைத் தட்டினான்; உள்ளே எட்டிப் பார்த்தான். “எல்லாம் எங்கள் மிராசுதார் தயவு!” என்று அவரைப் பார்த்துக் கும்பிட்டு, தொண்டை வறண்டு இருமினான். பந்தலே சிரிப்பில் அதிர்ந்தது.

மிராசுதார் துள்ளி எழுந்தார். “இப்படியாடா நடிக்கச் சொன்னேன்?”

“தண்ணி குடிக்கிற மாதிரி நடிக்கணும்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க? ஊர்ல தண்ணி இருந்தா நான் எதுக்குங்க நடிக்கணும், குடிச்சே காட்டியிருப்பேனே!”

கலெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. “கண்மாயைக் காட்டுங்கள்” என்று எழுந்தார்.

பொழுது சாய்வதற்குள் எல்லா வயலுக்கும் மடை திறந்தது. காத்தமுத்து வேஷத்தைக்கூடக் கலைக்காமல், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடினான்.