மாமன் இலை

பூரணத்தம்மாளின் மடத்தில் மாசானம்தான் முதல் சீடர். குருவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் வாய் நிறைய "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். அம்மாளுக்கு அவர் அண்ணாச்சி.

மடத்துக்கு வந்த நாளிலிருந்து மாசானம் கறி தொடுவதில்லை. தொடாதே என்று யாரும் சொன்னதுமில்லை.

தங்கை இசக்கியம்மாளின் மகளுக்குக் காதுகுத்து வந்தது. குலசாமி கோயிலில் கிடாவெட்டு. தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும். அப்புறம் மாமன் கறிச்சோற்றில் கை நனைத்தால்தான் உறவு நிலைக்கும் என்பது மச்சான் வீட்டு வழக்கம்.

"நான் போகலம்மா. சீரைக் கொடுத்து அனுப்பிருதேன்."

"ஏன் அண்ணாச்சி?"

"திங்கலேன்னா சொந்தத்தையே அத்துக்கிடுவாக. தங்கச்சி மொகத்தப் பாத்தா தின்னுருவேனோன்னு பயமா இருக்கு."

"பிள்ளைக்கு மாமன் வேண்டாமா? கெளம்புங்க. நானும் வாரேன்."

குருவே கூட வருகிறார் என்றதும் மனிதருக்குத் தெம்பு வந்துவிட்டது. இனி யார் வாயைத் திறப்பார்கள்!

காது குத்தியாயிற்று. பிள்ளை அழுது மாமன் சட்டையை நனைத்துவிட்டது. பந்தி போட்டார்கள். மாசானத்தின் இலையில் கறி விழுந்தது. பக்கத்தில் அம்மாள் இலையிலும் விழுந்தது. அம்மாள் பேசாமல் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.

மாசானத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மச்சானின் அண்ணன் விடுவாரா?

"பாருங்கய்யா, சாமியாரம்மாவே சாப்பிடுதாக! சிஷ்யருக்கு மட்டும் எங்க வீட்டுச் சோறு எறங்காதோ?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. இசக்கியம்மாள் குழம்பு வாளியோடு நின்றாள்.

"அண்ணே, ஒரு வாய். எனக்காக."

மாசானம் குருவைப் பார்த்தார். குரு எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஐயோ பாவம், மனிதர் என்ன செய்வார்! கறியை இலை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டுத் தங்கையைப் பார்த்தார்.

"தாயி, ஆடு ஏத்துற லாரி ஓட்டுனவன் நான். அதுக கத்துனது இன்னும் காதுல கேக்கு. என்னால முடியல. கோவப்படாத. ரசம் ஊத்து, வயிறு முட்டத் திங்கேன். உன் வீட்டுச் சோறுதான எனக்கு வேணும்."

மச்சானின் அண்ணன் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். அவரோடு இன்னும் சிலர் போனார்கள். இசக்கியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரசம் எடுக்கப் போனாள்.

திரும்பும் வழியில் மாசானம் சிறுபிள்ளை மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார்.

"தொணைக்கு வந்தீகன்னுல்லா நெனச்சேன். இப்படிப் பண்ணிட்டீகளே!"

"மடத்துக்குக் கறி யாரும் கொண்டாரல, திங்கல. கெடச்சதத் திங்கிறவ நான். கறிய விட்டுட்டேன்னு என்னைக்காவது சொன்னேனா?"

"அப்போ நான் செஞ்சது தப்பாம்மா?"

அம்மாள் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, எனக்காகத்தான் நீங்க கறிய விட்டீகளோன்னு இத்தன நாளும் உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு. இன்னைக்குத்தான் போச்சு."