ஒன்பதாம் அறைக் கதவு

"அது பாட்டுக்குத் திறந்துக்குதுங்க அம்மிணி. ஏன் திறக்குதுன்னுதான் தெரியலை."

மயிலாத்தாள் இப்படிச் சொன்னபோது ரிஸ்வானா சிரிக்கவில்லை. அந்த மாடியில் சிரிக்காத ஒரே ஆள் அவள்தான்.

ஞானம் வேண்டுமென்றால் ஜனங்கள் மலை ஏறுவார்கள். மயிலாத்தாள் பீளமேட்டில் மூன்று மாடி ஏறினாள். லிஃப்ட் இரண்டு வாரமாக ஓடவில்லை.

அது வீடியோ கேம் செய்கிற கம்பெனி. மயிலாத்தாளுக்கு வயது நாற்பத்து நான்கு. பதினான்கு வருடம் பனியன் கம்பெனியில் பேக்கிங் பார்த்தவள். கேம் விளையாடத் தெரியாது. தெரியாது என்பதற்காகவே அவளை எடுத்தார்கள். புதிதாக வருகிற ஆளுக்குப் புதிர் புரிகிறதா என்று பார்க்க அப்படி ஒருவர் வேண்டுமாம். மூன்று மாதம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

கேமில் ஒன்பது அறைகள். அறைக்கு ஒரு பூட்டிய கதவு. இங்கே இடித்து அங்கே தட்டி ஒன்பதையும் திறந்துவிட்டாள்.

ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் உண்டு: 'எப்படித் திறந்தது?'

ஒன்பது இடத்திலும் 'தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தாள். கதை கட்டி எழுத அவளுக்கு மனசு வரவில்லை.

மேலாளர் நவநீதன் கூப்பிட்டார்.

"சனிக்கிழமைக்குள்ள ஒரு அறைக்காவது காரணம் எழுதிருங்க. இல்லீன்னா திங்கக்கிழமை வர வேண்டியதில்லைங்க."

எங்கள் ஊரில் வேலையை விட்டு அனுப்பினாலும் மரியாதையில் குறை வைக்க மாட்டார்கள்.

அதனால்தான் மயிலாத்தாள் புதன்கிழமை காலையில் ரிஸ்வானாவின் முன்னால் வந்து நின்றாள். ரிஸ்வானாவுக்கு இருபத்தாறு வயது. கேம்களைச் சோதிக்கிறவர்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி.

"காரணம் உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

"தெரியும்க்கா."

"சொல்லிருங்களேன்."

"சொன்னா ரிப்போர்ட்ல என் பேரைத்தான் போடணும்."

மயிலாத்தாளுக்குக் கோபம் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நான் திரும்ப அட்டைப்பெட்டி ஒட்டப் போக மாட்டேனுங்க. கத்துக்காம இங்கிருந்து எந்திரிக்கவும் மாட்டேன்."

"சரி. கடைசி அறையில என்னென்ன பண்ணுனீங்க?"

"நாலு விளக்கு இருந்துச்சு, ஏத்துனேன். மணி இருந்துச்சு, அடிச்சேன். நடுவுல ஒரு கல்தூணு. அதை மூணு சுத்து சுத்துனேன். நிமிர்ந்து பார்த்தா கதவு திறந்து கிடக்குது."

"தூணை எதுக்குக்கா சுத்துனீங்க?"

"விளக்கு இருக்குது, மணி இருக்குது, நடுவுல கல்லு நிக்குது. சுத்தாம வர முடியுங்களா?"

"அதே மாதிரி இப்பப் பண்ணுங்க."

பண்ணினாள். கதவு திறந்தது.

"இப்ப ஒண்ணைக் குறைங்க."

"எதை?"

ரிஸ்வானா தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

விளக்கைக் குறைத்தாள். ஏற்றாமல் மணி அடிப்பது என்னவோ போலிருந்தது. இருந்தாலும் அடித்தாள், சுற்றினாள்.

திறந்தது.

நான்கு விளக்கும் வீண்! அவற்றை ஏற்ற எண்ணெய் தேடி அவள் முந்தின வாரம் முழுக்க அலைந்திருக்கிறாள்.

"திறந்துருச்சுங்க."

"இன்னொண்ணு."

மணியை விட்டுவிட்டுச் சுற்றினாள். கதவு அசையவில்லை.

"கெடுத்துப்போட்டனுங்களா?"

"இல்லைக்கா. எழுதி வையுங்க."

எழுதினாள்.

வியாழக்கிழமை சுற்றில் கை வைத்தாள். மூன்று என்றால் மூன்றுதான் என்று வளர்ந்தவள். இரண்டாகக் குறைக்கவே அரை மணி நேரம் யோசித்தாள். இரண்டுக்கும் திறந்தது. ஒன்றுக்கும் திறந்தது. சுற்றாமல் நின்றால் திறக்கவில்லை.

அப்பாடா என்றிருந்தது. கட்டத்தில் அழகாக எழுதினாள்: 'மணி அடித்துத் தூணை ஒரு முறை சுற்ற வேண்டும்.'

ரிஸ்வானா வாங்கிப் படித்தாள். பேனாவை எடுத்து, கீழே ஒரே ஒரு சொல் எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

'ஏன்?'

"ஏனுங்க அம்மிணி, கதவுதான் திறக்குதில்ல! அப்புறம் என்ன ஏனு?"

இவளைப் போல ஒரு வாத்தியார் யாருக்கும் வாய்க்க வேண்டாம் என்று மயிலாத்தாள் அன்றைக்கு மனதாரத் திட்டினாள்.

திட்டிக்கொண்டே வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு வந்து உட்கார்ந்தாள். ஆபீஸ் கூட்டுகிற அம்மாவே அப்போதுதான் வந்துகொண்டிருந்தாள்.

மணி அடித்தாள். சுற்றினாள். திறந்தது. கதவை மூடிவிட்டு மறுபடியும் அடித்தாள். மறுபடியும் சுற்றினாள். இருபது தடவை, முப்பது தடவை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

முப்பத்து நாலாவது தடவை, சுற்றுகிறபோது தூணைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். இத்தனை நாளில் அதுதான் முதல் தடவை.

பாதிச் சுற்றில் தூண் வந்து கதவை மறைத்தது. அந்த நேரம் பார்த்துக் கிரீச் என்று சத்தம் கேட்டது.

விரலை எடுத்துவிட்டாள். தூணுக்குப் பின்னால் அப்படியே நின்றாள். மெல்ல எட்டிப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. சுற்று முடியக்கூட இல்லை.

அப்புறம்தான் கதவை நன்றாகப் பார்த்தாள். அதில் ஒரு கண் செதுக்கியிருந்தது. இதுவரை அவள் அதைப் பூ என்று நினைத்திருந்தாள்.

"அம்மிணி!"

மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"எங்க வீட்டுக் கதவுல லென்ஸ் வெச்சிருக்குதுங்க. பெல் அடிச்சா அதுல பார்ப்பேன். இன்சூரன்ஸ்காரர் நின்னாருன்னா சத்தம் காட்டாம உக்காந்துக்குவேன். யாருமே தெரியலைன்னாத்தான், யாருடா அதுன்னு திறந்து பார்ப்பேன். இதுவும் அதையேதானுங்க பண்ணுது!"

"தூண் இல்லாட்டி?"

மயிலாத்தாள் அறையை ஒரு நோட்டம் விட்டாள். மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு பானை. ஒரு நாளும் அதன் பக்கம் போனதில்லை. மணி அடித்தாள், ஓடினாள், பானைக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

கிரீச்.

முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஒன்பது கதவு திறந்தபோது வராத சந்தோஷம் இந்த ஒரு சத்தத்துக்கு வந்தது.

ரிஸ்வானா தன் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு நவநீதன் வந்தார். ரிப்போர்ட் மேஜைமேல் இருந்தது. அவர் கண் அதில் போகவில்லை, ஸ்கிரீனில் போனது. மணி ஆடிக்கொண்டிருந்தது. கேமில் மயிலாத்தாளின் ஆள் கதவுக்கு நேர் எதிரே, அதன் கண்ணைப் பார்த்தபடி நின்றிருந்தது.

கதவு அசையவில்லை.

அவர் முகம் தொங்கிப் போனது.

"என்னங்க, இது வரைக்கும் திறந்துட்டிருந்ததும் இப்பத் திறக்கலையா?"

மயிலாத்தாள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நான்தாங்க சார் திறக்காம வெச்சிருக்கேன்."