மட்டை பிடுங்கிய வயல்

விதைநெல் வயலில் பாதியை எலி வெட்டிப் போட்டுவிட்டது. அடுத்த சம்பாவுக்கு மருதவெளி ஊர் முழுவதும் நம்பியிருந்த வயல் அது. வளர்த்தவர் மாசிலாமணி. எப்படி நடந்தது என்று சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

கதிர் வெளிவருமுன், பயிர் பொதி கட்டும் நேரத்தில் புகையான் பூச்சி விழுந்தது. ஆள் இறங்கி மருந்தடித்து முடிப்பதற்குள் எல்லாம் கருகிவிடும். பக்கத்து ஊர்த் தமயந்தி மருந்தடிக்கும் ட்ரோனுடன் வந்தாள். எலி பிடிக்கும் ஆந்தை உட்கார மாசிலாமணி பனைமட்டைகள் ஊன்றியிருந்தார்.

“இதெல்லாம் பிடுங்கணும் மாமா. மட்டையில றெக்கை தட்டினா மிஷின் சேத்துல கிடக்கும். அடிச்சு முடிச்சதும் திரும்ப ஊனிடுங்க. ஆந்தை வந்து ஏமாந்து போகக் கூடாது.”

“ஆந்தைக்கும் நீதான் வக்கீலா?” என்றபடி பிடுங்கி வரப்பில் போட்டார்.

பூச்சி செத்தது. மாசிலாமணிக்கு மனம் நிறைந்துவிட்டது. வானத்தில் மிஷினே வந்தபிறகு ஆந்தை எதற்கு என்று தோன்றியது. அன்று பொழுது சாயும்போது அடுத்த வயல் வேம்பையன் மட்டைகளைத் தூக்கிப்போய்த் தன் வயலில் ஊன்றினார். அனுமதி கேட்கவில்லை. மாசிலாமணி, போகட்டும் என்று பார்த்துக்கொண்டுதான் நின்றார். இரண்டு வயலுக்கும் ஒரே நாற்றங்கால், ஒரே நாற்று. ஆந்தை மட்டும் இடம் மாறியது.

கதிர் பால் பிடிக்கையில் மாசிலாமணி வயலில் எலி புகுந்தது; ஆந்தை உட்கார்ந்த வேம்பையன் வயல் தப்பியது. ஊர் கூடியது.

“ட்ரோன் இனிமே இந்த ஊருக்குள்ள வரக் கூடாது” என்றார் ஒருவர்.

“மட்டையைத் தூக்கினவனை விட்டுட்டு அந்தப் பொண்ணை ஏன்யா புடிக்கிறீங்க?” என்றார் இன்னொருவர்.

“வரப்புல கிடந்த மட்டையில பேரா எழுதியிருக்கு?” என்று சீறினார் வேம்பையன்.

தமயந்தி குரலை உயர்த்தவில்லை. “திரும்ப ஊனச் சொன்னேனா இல்லையா, மாமாவே சொல்லட்டும்.”

ஆமென்று சொன்னால், மாசிலாமணிக்கு ஊர் விதையை அழித்தவர் என்ற பெயர். சொல்லாவிட்டால், அடுத்த முறை புகையான் விழும்போது ட்ரோன் வராது, மிஞ்சுவது வைக்கோல்தான்.

பிடுங்கச் சொன்னவள் ஒருத்தி. எடுத்துப் போனவர் ஒருவர். பார்த்து நின்றவர் ஒருவர். இதில் பிழை யாருடையது? குறைந்துபோன விதைக்கு என்ன வழி?

பிழை மாசிலாமணியுடையது. தமயந்தி பிடுங்கவும் சொன்னாள், ஊனவும் சொன்னாள். வேம்பையன் எடுத்தது அவர் கண்ணெதிரே. ஒரு வார்த்தையில் தடுத்திருக்கலாம். மாசிலாமணியே எழுந்து இதைச் சொன்னார். ட்ரோனுக்குத் தடை என்ற பேச்சு அதோடு அடங்கியது. ஆனால் பிழையை ஒப்புக்கொண்டதால் மட்டும் நெல் முளைத்துவிடாது. ஒரே நாற்றில் விளைந்த தன் வயல் நெல்லை, யாரும் கேட்குமுன் ஊர் விதைக்கு விட்டுக்கொடுத்தவர் வேம்பையன்.