சிங்காரவேலு கேட்டது

"மூணாவது சிடி சாமி இது. மூணாவது! நல்ல கம்பெனி சிடி. ஸ்பீட கொறச்சு வச்சு, பொறுமையா ரைட் பண்ணேன். ரைட் ஆகுறப்ப கம்ப்யூட்டர்ல வேற ஒண்ணத் தொறக்கல, ஃபேனக்கூட நிறுத்திட்டேன். இதுக்கு மேல நான் என்னத்தச் செய்யுறது? அவங்க ஊட்டு பிளேயர்லதான் கோளாறு."

தணிகாசலம் மூச்சு விடுறதுக்குள்ள அந்தம்மா புடிச்சுக்கிட்டாங்க.

"பிளேயர்ல கோளாறா? அதே பிளேயர்லதான் என் தங்கச்சி மக கல்யாணம் பூராம் ஓடுது. பந்தியில எவன் எத்தன வடை தின்னான்னு எண்ணலாம். உங்க சாமி பேச்சும் ஓடுது. ஒரு மணி நேரம், ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது! என் ஊட்டுக்காரரு எந்திரிச்சு வாயத் தொறந்தா மட்டும் நிக்குது. மூஞ்சி கட்டம் கட்டமாப் போயி, சா... சா... சா...ன்னு அதுலயே கெடக்குது. வேணும்னே பண்றீங்களா?"

"வேணும்னே பண்றனாம்! கேட்டீங்களா சாமி?"

சாமி கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு.

மடம்னதும் பெருசா நெனச்சுக்க வேண்டாம். சங்ககிரி பைபாஸ்ல, லாரிப் பட்டறைங்களுக்கு நடுவுல ஒரு தகரக் கொட்டாய். சாமிக்கு நாப்பது வயசுகூட ஆகல. பதினோரு வருசம் அதே கொட்டாயில டயர் கடை வச்சிருந்தவரு. பஞ்சர் ஒட்டுற நேரத்துல அவரு பேச்சக் கேட்ட டிரைவருங்க, பஞ்சர் இல்லாமயும் வர ஆரம்பிச்சாங்க. அப்படி ஆனதுதான் மடம்.

தணிகாசலத்துக்கு அறுபத்திரெண்டு. டெலிபோன் ஆபீஸ்ல ரிட்டையர் ஆன மறுநாளே வந்து சேந்த சிஷ்யரு. ஞாயித்துக்கிழமப் பேச்சப் படம் புடிச்சு, சிடி போட்டு, ஊர் ஊருக்கு அனுப்புறது அவரு பொறுப்பு. முப்பது வருசம் போன்ல "உங்க பக்கந்தாங்க கோளாறு"ன்னு சொல்லிப் பழகுன வாயி. அவ்வளவு லேசுல மாறாது.

அந்தம்மா பேரு செண்பகவல்லி. பூலாம்பட்டியிலேருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருந்தாங்க. அவங்க ஊட்டுக்காரரு சிங்காரவேலு சித்திரையில தவறிட்டாரு.

"போட்டோ நாலு இருக்குது. நாலுலயும் மொறச்சுக்கிட்டுத்தான் நிக்கிறாரு. அவரு வாயத் தொறந்து பேசுறது ஒலகத்துலயே இது ஒண்ணுலதான் இருக்குது. அதப் பாக்க விடமாட்டேங்கிறீங்களே, நல்லா இருப்பீங்களா?"

"சாபம் வேற குடுக்குறாங்க சாமி!"

சாமி அந்த சிடிய வாங்கி, திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஒரு பக்கம் பளபளன்னு கண்ணாடி மாதிரி. இன்னொரு பக்கம் சாமியோட மூஞ்சி. தணிகாசலமே எடுத்த போட்டோ, தணிகாசலமே கலர்ல பிரிண்ட் போட்டு வட்டமா வெட்டி ஒட்டுன ஸ்டிக்கர். அதுல அவருக்குக் கொள்ளப் பெருமை.

"போட்டுப் பாத்துட்டுத்தானே குடுத்தீங்க, அண்ணே?"

"மூணையும் கடைசி வரைக்கும் பாத்தேன் சாமி. தண்ணியா ஓடுச்சு."

"எப்பப் பாத்தீங்க? என் மூஞ்சிய ஒட்டுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான். ஒட்டுனதுக்கப்புறம் சாமி மூஞ்சிய மெஷினுக்குள்ள விட்டுச் சுத்த மனசு வருமா?"

"ஊருக்குக் குடுத்தா அங்க சுத்தாதா?"

தணிகாசலத்துக்குக் காது செவந்துச்சு.

சாமி மேசையில கெடந்த பென்சில எடுத்து, சிடியோட ஓட்டையில விட்டுத் தொங்கவிட்டாரு. விரலால லேசாச் சுண்டுனாரு. சிடி சுத்துச்சு, ஆடுச்சு, நின்னுச்சு. சாமி மூஞ்சி தலைகீழா இருந்துச்சு.

மறுபடி சுண்டுனாரு. மறுபடி தலைகீழ்.

மூணாவது தடவ சுண்டுனாரு. தணிகாசலம் அத நேராப் பாக்கப் பிரியப்படாம வாசப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

"நெத்தி கனமா இருக்குதே, பொட்டு யாருங்க வச்சது?"ன்னாரு சாமி.

"நாந்தான்"னாங்க செண்பகவல்லி. "வெள்ளிக்கு வெள்ளி. சந்தனம் வச்சு, மேல குங்குமம். மூணு சிடிக்கும் அப்படித்தான். புதுசு வந்தா மொதல்ல பொட்டு, அப்புறந்தான் பிளேயரு. இது வெறும் சிடி இல்லம்மா, சாமி மூஞ்சி, வெறும் நெத்தியா வைக்கக் கூடாதுன்னு இவருதான் சொன்னாரு. இல்லாட்டி எனக்கென்ன வேண்டுதலா?"

"அதுக்காக அட மாதிரி அப்பச் சொன்னனா?" தணிகாசலம் கத்தினாரு. "ஈரத்துல ஸ்டிக்கரு ஓரம் பூரா எழும்பி நிக்குது பாருங்க!"

"அளவு சொன்னீங்களா? அளவு சொல்லியிருந்தா அளவா வச்சிருப்பேன்!"

"டயர்லயும் இதே கததான்"னாரு சாமி. "ஒரு பக்கம் இத்துனூண்டு கனம் கூடிருச்சுன்னா ஊருக்குள்ள போறப்பத் தெரியாது. வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் ஆடும். ஆனா ஒண்ணு எனக்குப் புரியலண்ணே. என் பேச்சு பூராம் ஓடுது. அவரு கேள்வி மட்டும் ஏன் நிக்குது?"

"கேள்வி நேரம் கடைசியில சாமி. சிடி நடுவுலேருந்து வெளிய படிச்சுக்கிட்டுப் போகும். கடைசியில வர்றது ஓரத்துல இருக்கும். ஸ்டிக்கர் எழும்பி நிக்கிறதும் ஓரத்..."

தணிகாசலம் எழும்பி நின்ன ஓரத்த விரலால அமுக்கி ஒட்டப் பாத்தாரு.

"புதுசு ஒண்ணு போடுங்க. மூஞ்சி வேண்டாம்."

"மூஞ்சி இல்லாமயா? அப்புறம் என்ன சிடின்னு எப்படித் தெரியும்?"

"பேனா இருக்குதுல்ல."

"என்னன்னு எழுதுறது?"

"சிங்காரவேலு கேட்டதுன்னு எழுதுங்க."

தணிகாசலம் மார்க்கர் மூடிய வாயில கடிச்சுக்கிட்டு எழுதினாரு. எழுதுன வேகத்துக்கு, பேப்பரா இருந்திருந்தா கிழிஞ்சிருக்கும்.

ரைட் ஆகி முடியுற வரைக்கும் அந்தம்மா கையக் கட்டிக்கிட்டே உக்காந்திருந்தாங்க. மோர் குடுத்ததுக்கு வேண்டாம்னுட்டாங்க. மடத்து டிவியில போட்டதும், "ஓட்டுங்க, ஓட்டுங்க"ன்னாங்க. சாமி பேச்சு கையும் காலும் ஆட்டிக்கிட்டு வேகமா ஓடுச்சு. தன் சாமி பொம்மலாட்டம் ஆடுறதப் பாத்துக்கிட்டு தணிகாசலம் பல்லக் கடிச்சாரு.

அப்புறம் கூட்டத்துல ஒரு ஆள் எந்திரிச்சாரு. தோள்ல கட்டம் போட்ட துண்டு. அந்தத் துண்டால வாயத் தொடச்சுக்கிட்டாரு.

"சாமி, கோவப்படாதீங்க, கோவப்படாதீங்கன்னு சொல்றீங்க. சரிங்க. எங்க ஊட்டுல கோவப்பட ஒரு ஆள் இருக்குறதாலதான் நான் நேரத்துக்குச் சாப்புடறேன், நேரத்துக்குத் தூங்குறேன். நீங்க சொல்லி அந்தக் கோவமும் போயிருச்சுன்னா, அப்புறம் நான் என்னங்க பண்றது?"

கூட்டம் சிரிச்சுச்சு. பக்கத்துலேருந்து வளையல் போட்ட ஒரு கை அவரு வேட்டியப் புடிச்சு இழுத்துச்சு. "உக்காந்து தொலைங்க"ன்னு ஒரு குரலும் கேட்டுச்சு. அவரு சிரிச்சுக்கிட்டே உக்காந்தாரு.

எங்கயும் நிக்கல. ஒரு கட்டம்கூட விழல.

செண்பகவல்லி எந்திரிச்சுப் போயி பிளேயர நிறுத்துனாங்க.

"பதில் இனிமேதாம்மா வருது!"ன்னாரு தணிகாசலம்.

"எனக்கு எதுக்கு? நான் பாக்க வந்தது அவர." முந்தானையால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டாங்க. குரல் மட்டும் அதே கோவத்துல இருந்துச்சு. "இதுக்கு மேல ஓடாம பண்ண முடியுமா? எங்க ஊட்டுல ரிமோட்டு இல்ல. ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு வந்து நிறுத்தணும்னா முட்டி தாங்காது."

தணிகாசலம் சாமியத் திரும்பிப் பாத்தாரு. இதுக்காவது சாமிக்குக் கோவம் வரும்னு நெனச்சாரு.

"அவரு உக்கார்றதோட முடியுற மாதிரி போட்டுக் குடுங்கண்ணே"ன்னாரு சாமி.

"வெட்டச் சொல்றீங்களா?" தணிகாசலம் டிவிக்கு முன்னாடி வந்து நின்னுக்கிட்டாரு. "பதினெட்டு நிமிசம் சாமி! அன்னைக்கு இதக் கேட்டு மூணு டிரைவருங்க அழுதாங்க. நான் கேமராவுக்குப் பின்னாடி நின்னு அழுதேன். மனுசன் ஒரு கேள்வி கேட்டுட்டுச் செத்துப் போயிட்டாரு. அதுக்கு நீங்க சொன்ன பதிலப் போயி நானே என் கையால..."

"அது பதில் இல்லண்ணே. நான் பேசுனது."

வெளிய ரோட்டுலேருந்து ஒரு சத்தம்.

"சாமியோவ்! பின்சக்கரம் எறங்கிருச்சு. ஒரு கை பாருங்க!"

சாமி பென்சில்லேருந்து பழைய சிடிய உருவி தணிகாசலம் கையில குடுத்துட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போனாரு.