கட்டர்ல போடுங்க சார்

"ஒன்பது பின் விழுது கோச். வலது மூலையில நிக்குதே ஒண்ணு, அது மட்டும் ஏன் என் கையால விழ மாட்டேங்குது?"

கோதண்டம் இதைக் கேட்டபோது தில்ஷாத் பௌலிங் பந்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

கோதண்டத்துக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. யாரும் எங்கேயும் தவறி விழாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். தில்ஷாத் அவரைவிட ரொம்பச் சின்னவர். மாலின் மேல்மாடியில் பௌலிங் சொல்லிக்கொடுப்பவர். நீளமான மரத்தள லேனில் பந்தை உருட்டிவிட்டு, கோடியில் பாட்டில் மாதிரி நிற்கும் பத்துப் பின்களைச் சாய்க்கிற விளையாட்டு அது. பேச்சில் மகா சிக்கனம்.

"போன வருஷம் மாநில அணிக்கு ஆள் எடுத்தாங்க. கடைசிப் பந்து. அந்த ஒத்தைப் பின் சாய்ஞ்சிருந்தா நான் உள்ள. சாயல. இந்த வருஷமும் விட்டா அவ்வளவுதான் கோச். முழங்காலுக்கு இதுக்கு மேல தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"போட்டுக் காட்டுங்க."

லேனின் கோடியில் வலது மூலைப் பின் மட்டும் தனியாக நின்றது. கோதண்டம் இடப்பக்கம் நின்று குறுக்காக விட்டார். பந்து அதை நோக்கித்தான் போனது. ஆனால் ஒரு கை அகலம் இடப்புறமாக விலகி, அதைத் தொடாமல் தாண்டிப் போய்த் தொலைந்தது.

பின் நின்றுகொண்டே இருந்தது. நேரில் போய் ஓர் உதை விட்டுவிட்டு வரலாமா என்றிருந்தது அவருக்கு.

"இன்னொண்ணு."

அதுவும் இடப்புறமாகவே போனது.

"கட்டர்ல போட்டிருக்கீங்களா சார்?"

லேனின் இரண்டு ஓரத்திலும் ஓடும் பள்ளம்தான் கட்டர். பந்து அதில் விழுந்தால் விழுந்ததுதான், மேலே ஏறி வராது. புதிதாக வருகிறவர்கள் போடுவார்கள். பக்கத்து லேன்காரர்கள் சிரிப்பார்கள்.

"நானா? ஒரு தடவைகூடக் கிடையாது." அதைச் சொல்லும்போது அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

பின் அடுக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்குக்குத் தில்ஷாத் குரல் கொடுத்தார். "அண்ணே, இந்த லேன்ல பின் வேணாம். எடுத்துடுங்க."

இயந்திரம் இறங்கி அந்த ஒற்றைப் பின்னையும் தூக்கிக்கொண்டு போனது. லேன் மொட்டையாகக் கிடந்தது.

"இப்ப வலது கட்டர்ல போடுங்க சார்."

"எதுக்கு?"

"போடுங்க."

இது என்ன பெரிய வேலை என்று விட்டார். பந்து நடு லேனில் ராஜநடை போட்டது.

மறுபடியும் விட்டார். மறுபடியும் நடு லேன். வேண்டுமென்று கட்டரில் போடப் பார்க்கிறார், கை சம்மதிக்கவில்லை. பந்து விரலை விட்டுப் போகிற நேரத்தில் மணிக்கட்டு தானாக உள்ளே திரும்பிக்கொண்டது. அது தன் மணிக்கட்டுதானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு விட்டார். பாதி தூரத்திலேயே பந்து டொம்மென்று கட்டரில் இறங்கியது. பக்கத்து லேனில் பிறந்தநாள் கொண்டாட வந்த கூட்டம் கைதட்டிச் சிரித்தது. கோதண்டத்துக்குக் காது வரை சுட்டது.

"போதுமா கோச்?"

"சீக்கிரம் விழுந்துடுச்சு. கடைசி வரைக்கும் மேலயே போகணும். கடைசியில விழணும்."

அன்று மட்டுமில்லை, வாரக்கணக்கில் இதே கதை. சனிக்கிழமை வந்தால் மொட்டை லேன், வலது கட்டர். தொழிற்சாலைக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டு, "என்ன சார், எல்லாம் குழிக்கே போகுது?" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். திங்கட்கிழமை கேன்டீன் முழுக்க அதே பேச்சு.

வேறு கோச்சைப் பார்க்கலாமா என்று கோதண்டம் யோசித்தார்தான். ஆனால் பாதியில் எழுந்து போவது அவர் ஜாதகத்திலேயே இல்லை. முழங்காலில் பட்டையைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் வந்து நின்றார்.

"பின் எப்ப கோச் வைப்பீங்க?"

"கட்டர் இருக்கே சார்."

அவர் விடாக்கண்டன் என்றால் இவர் கொடாக்கண்டன். கேட்டுக் கேட்டு அவருக்கு வாய் வலித்தது. பந்து மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி விழ ஆரம்பித்தது. முக்கால் தூரம் போனது. அதையும் தாண்டியது. ஒருநாள் லேனின் விளிம்பிலேயே ஓடி, கோடி வரை போய், முடிகிற இடத்தில் சத்தமில்லாமல் இறங்கியது.

தில்ஷாத் தலையை மட்டும் ஆட்டினார்.

பக்கத்து லேனில் அன்றைக்கு யாராவது சிரித்தார்களா என்று கோதண்டத்துக்குத் தெரியாது.

தேர்வு நாள் வந்தது. கடைசி ஆட்டம், கடைசிக் கட்டம். முதல் பந்தில் ஒன்பது சாய்ந்தன. வலது மூலையில் ஒன்று நின்றது. போன வருஷம் நின்ற அதே இடம்.

அது சாய்ந்தால் அணியில் இடம். இல்லையென்றால் இனி எப்போதும் இல்லை. முழங்கால் விண்விண் என்று தெறித்தது. கோதண்டம் திரும்பிப் பார்த்தார். தில்ஷாத் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ண கோச்?"

"தெரிஞ்சதைப் பண்ணுங்க."

"எனக்குத் தெரிஞ்சது கட்டர்ல போடறது ஒண்ணுதான். நீங்க வேற எதைச் சொல்லிக்கொடுத்தீங்க?"

"அப்ப அதையே போடுங்க சார்."

கோபம் தலைக்கேறியது. போட்டே விடுகிறேன், பார்த்துக்கொள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். இடப்பக்கம் போய் நின்றார். மூலையில் நின்ற பின்னை அவர் பார்க்கவே இல்லை. வாரக்கணக்கில் பந்து இறக்கிய அந்தக் கோடிக் கட்டரைத்தான் பார்த்தார்.

விட்டார். மணிக்கட்டு திரும்பவில்லை.

பந்து குறுக்காகப் போய் விளிம்பைப் பிடித்தது. விளிம்பிலேயே ஓடியது. "ஐயோ, போச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

படீர் என்று ஒரு சத்தம்.

மூலை காலியாக இருந்தது. மேலே பலகையில் அவர் பெயர் ஓர் இடம் ஏறி, அணிக்குள் வந்து நின்றது. கூட்டம் கத்தியது. கோதண்டம் நொண்டிக்கொண்டே நாற்காலிக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"கோச், சத்தியமா நான் கட்டர்லதான் போட்டேன்."

தில்ஷாத் டீயை ஒரு மிடறு குடித்தார்.

"தெரியும் சார். வழியில ஏதோ குறுக்க நின்னிருக்கு."