அரசமரம் சுற்றிய முயல்

காட்டுக் குளம் ஒன்றின் கரையில், அரசமரத்தடிப் புல்லில், செங்காது என்ற முயல் மூன்று குட்டிகள் போட்டிருந்தது. குட்டிகளுக்கு இன்னும் ஓடத் தெரியாது. மேட்டுப்பக்கத்து முயலின் குட்டிகளைக் காட்டுப்பன்றி தின்றுவிட்டது என்ற செய்தி அன்று காலையில்தான் வந்தது. அதிலிருந்து செங்காதுக்கு ஒரு புல்கூட உள்ளே இறங்கவில்லை.

"பன்றி இங்கே வந்தால் என்ன செய்வேன்? ஓடினால் குட்டிகள் போச்சு. மோதினால் நான் போச்சு" என்று குளத்துக்கு வந்திருந்த வரித்தலை வாத்திடம் புலம்பியது.

வாத்து பனிமலைக்கு அப்பாலிருந்து வந்தது. வருகிற வழியில் நிலாவில் அலகைத் தீட்டிக்கொண்டதாகச் சொல்லும். அதன் பேச்சில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். மீதிப் பாதி இது:

"சீன தேசத்தில் சில சண்டைக்காரர்கள் மரத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். கண் மரத்தின் மேல், கால் வட்டத்தின் மேல். திடீரென்று திரும்பி மறுபக்கம் நடப்பார்கள். எதற்கென்று நான் கேட்கவில்லை. பறந்துகொண்டிருந்தேன்."

வேறு வழி தெரியாத முயல் அன்றே நடக்க ஆரம்பித்தது.

மரத்திலிருந்த ஓணான் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தது. "என்னக்கா, பிள்ளைவரம் கேட்டு அரசமரத்தைச் சுற்றுகிறாயா? இருக்கிற மூன்று போதாதா?"

"போடா. எதற்கென்று எனக்கே தெரியாது. நின்றால் பயமாக இருக்கிறது, நடக்கிறேன்."

பத்து நாளில் புல் தேய்ந்து வட்டமாகத் தடம் விழுந்தது. "நூற்றெட்டு ஆச்சு அக்கா, தேங்காயை உடை" என்று ஓணான் தினமும் சொல்லும்.

பதினோராம் நாள் புதர் சலசலத்தது. பன்றி! மூக்கைத் தரையில் வைத்து மோந்துகொண்டே குட்டிகளை நோக்கி வந்தது.

ஓடு, ஓடு என்றது பயம். முயலின் கால்கள் கேட்கவில்லை. பன்றியைச் சுற்றி, பழகிய வளைவிலேயே போயின. போகிற போக்கில் பின்னங்காலால் பன்றியின் மூக்கில் மண்ணை வாரி அடித்தது.

பன்றி சீறிப் பாய்ந்தது. பாய்ந்த இடத்தில் முயல் இல்லை. பக்கத்தில் இருந்தது. திரும்பினால் அங்கும் இல்லை.

"நில்லடி!"

"இத்தனை நாள் நடுவில் மரம் நின்றது. இன்றைக்கு நீ நில்லு" என்றது முயல், பன்றியின் மேலிருந்து கண்ணை எடுக்காமல்.

பன்றிக்குக் கழுத்து குட்டை. பார்க்க வேண்டுமென்றால் முழு உடம்பையும் திருப்ப வேண்டும். திரும்பியது, திரும்பியது, திரும்பிக்கொண்டே இருந்தது. முயல் சட்டென்று மறுபக்கம் மாறியது. பன்றியின் கண்ணுக்கு இப்போது இரண்டு முயல். இரண்டுக்கும் நடுவே பாய்ந்து, நேரே அரசமரத்தில் மோதியது. குட்டிகளுக்கும் அதற்கும் ஒரு முழம்தான் இடைவெளி.

ஒரு கோரைப்பல்லை மரத்திலேயே விட்டுவிட்டுப் பன்றி தள்ளாடிப் போனது. இன்றும் அதற்கு ஒரு கிழங்கு இரண்டாகத் தெரிகிறதாம். நடுவில் தோண்டி வெறும் மண்ணைத் தின்கிறதாம்.

மறுநாள் முயல் மேய்ந்துவிட்டு வந்து பார்த்தபோது, ஓணான் மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னடா தம்பி இது?"

"ஒன்றுமில்லை அக்கா, பிள்ளைவரம்தான்" என்றது ஓணான், மரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பயம் வந்தால் புத்தி தடுமாறும். அப்போது நம்மைக் காப்பது, கால்கள் முன்பே பழகி வைத்திருக்கும் நடைதான்.