நாற்பது நாள் தலைவர்

மருதங்காட்டு ஏரி வற்றிக்கொண்டிருந்தது. கோடையில் பாதிகூட முடியவில்லை. அதற்குள் தலைவர் யானை ஒரு நாள் காலையில் தன் கூட்டத்தை அழைத்துக்கொண்டு மலைப்பக்கம் கிளம்பிவிட்டது. போகிற போக்கில், "பொறுப்பை விட்டுட்டேன்! வேற ஆளைப் பாத்துக்குங்க!" என்று ஒரு பிளிறல். அவ்வளவுதான்!

காட்டுச் சட்டப்படி புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க நாற்பது நாள் தவணை உண்டு. அதுவரைக்கும் ஒரு காபந்துத் தலைவர் வேண்டும். காபந்துத் தலைவர் புதிதாக எதையும் ஆரம்பிக்கக் கூடாது. இருப்பதைக் காப்பாற்றி, நாற்பதாம் நாள் ஒப்படைத்துவிட்டு இறங்கிவிட வேண்டும்.

மான்கள் ஒரு பெயரைச் சொன்னால் காட்டுப்பன்றிகள் உறுமின. பன்றிகள் ஒரு பெயரைச் சொன்னால் மான்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட ஒரே ஆள் உடும்புதான். அதைப் பற்றி யாருக்கும் பெரிய அபிப்பிராயம் இல்லை. அதனால் எதிர்ப்பும் இல்லை.

உடும்பு ஆயுள் முழுக்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஆராய்ந்தது. ஏரித் தண்ணீரை யார் எவ்வளவு குடிக்கிறார்கள், வெயில் எவ்வளவு குடிக்கிறது, மண் எவ்வளவு குடிக்கிறது! காட்டில் எல்லோரும் அதை 'அளவுக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அளவுக்காரர் வாயைத் திறந்தால் போதும், முயலுக்கு வளையில் வேலை இருப்பது ஞாபகம் வந்துவிடும்.

முதல் நாள் உடும்பு தலைமைப் பாறையில் ஏறிப் பேசியது.

"அன்பர்களே! மேற்பரப்பு இழப்பு, அடிக்கசிவு, தலைக்கு இத்தனை நுகர்வு, இந்த மூணையும் சேத்துப் பாத்தோம்னா..."

மான்கள் கொட்டாவி விட்டன. "சுருக்கமா சொல்லும்யா!" என்று கத்தியது பன்றிகளின் தலைவன் கருமூக்கன்.

"சுருக்கமா சொன்னா, முறை வெச்சுத்தான் குடிக்கணும். ஏரிக்குள்ள யாரும் கோரைக்கிழங்கு தோண்டக் கூடாது!"

பன்றிகளுக்குக் கோபம் வந்தது. வற்றிய ஏரிப் படுகையில் கிளறித் தின்னும் கோரைக்கிழங்குதான் அவற்றுக்குக் கோடைச் சாப்பாடு. ஆனாலும் நாற்பது நாள்தானே என்று பொறுத்துக்கொண்டன. காட்டு வேரைத் தோண்டித் தின்றன.

உடும்புக்கு அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. மழைக்கு இன்னும் அறுபது நாள் இருந்தது. தண்ணீர் அறுபத்திரண்டு நாளுக்கு வரும். கையில் இருப்பது இரண்டே நாள் மிச்சம்! அது ஒரு நாளைக்கு ஏழு தடவை ஏரியைச் சுற்றி வந்தது. நாக்கை நீட்டி நீட்டிக் காற்றில் ஈரம் பார்த்தது. மான் ஒரு வாய் கூடுதலாகக் குடித்தால் ஓடிப்போய் நின்றது. பன்றிக்குட்டி தரையை முகர்ந்தால் அங்கே பாய்ந்தது. சாப்பிட உட்காரும், பாதியில் எழுந்துவிடும்.

நரி ஒன்று தானாக வந்து அதன் கூடவே நடக்க ஆரம்பித்தது. "நான்தான் தலைவரோட ஆலோசகர்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டது. அந்தப் பெயரில் முறைக்கு முன்னாலேயே குடித்தும்கொண்டது. சுற்றிச் சுற்றி வந்த உடும்பு இதை மட்டும் கவனிக்கவில்லை.

முப்பத்தாறாம் நாள், ஏரிக்கு வரும் ஓடையில் கொஞ்சமாவது ஈரம் இருக்கிறதா பார்க்கலாம் என்று உடும்பு மேட்டுக்குப் போனது. வானத்திலிருந்து ஒரு கழுகு சர்ரென்று இறங்கியது! உடும்பு பாறை இடுக்கில் புகுந்து உடம்பை உப்பவைத்துக்கொண்டது. கழுகு விடவில்லை. வெளியே அரை நாள் உட்கார்ந்தே இருந்தது.

"ஐயோ, ஏரி என்ன ஆச்சோ! ஏரி என்ன ஆச்சோ!" என்று உள்ளே உடும்பு தவித்த தவிப்பு கொஞ்சநஞ்சமல்ல. தன் உயிரைப் பற்றி அதற்கு நினைப்பே வரவில்லை.

கழுகு போனதும் உடும்பு விழுந்தடித்து ஓடிவந்தது. வந்து பார்த்தால் ஏரிப் படுகையில் நாலு குழிகள்! கருமூக்கனும் அதன் கூட்டமும் கிழங்கு தின்ற வாயைத் துடைத்துக்கொண்டிருந்தன. குழிகள் வழியாகத் தண்ணீர் குடுகுடுவென்று அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. மான்கள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தன.

உடும்பு களிமண்ணைக் கட்டி கட்டியாகத் தள்ளிக் குழிகளை அடைத்தது. பிறகு அளந்து பார்த்தது. மிச்சமிருந்த இரண்டு நாளும் போய்விட்டது. இனி ஒரு குழி விழுந்தால்கூடக் காடு தாங்காது.

"நான் அரை நாள்தானே இல்ல! ஏன் தடுக்கல?" என்று மான்களைப் பார்த்துக் கத்தியது.

"தோண்டக் கூடாதுன்னு சொன்னீங்க. ஏன்னு சொல்லலையே!" என்றது ஒரு மான்.

"சொன்னேனே! முதல் நாளே அடிக்கசிவைப் பத்திச் சொன்னேனே!"

"அது விளக்கமா? ஏதோ மந்திரம் சொல்றீங்கன்னுல்ல நினைச்சோம்!"

உடும்பு போய்த் தலைமைப் பாறையில் ஏறி உட்கார்ந்தது.

அப்போது நரி மெல்லக் காதருகே வந்தது. "பாத்தீங்களா தலைவரே! நீங்க அரை நாள் இல்லன்னா இந்தக் கதி. நாலு நாள்ல தேர்வு. அந்தக் கருமூக்கன்தான் ஜெயிப்பான். ஜெயிச்சதும் தோண்டுவான். காடே செத்துப்போகும்! மழை வர்ற வரைக்கும் தேர்வு கிடையாதுன்னு அறிவிச்சுடுங்க. உங்க சுயநலத்துக்கா சொல்றேன்? குட்டிங்க உயிருக்காகச் சொல்றேன்!"

உடும்பு யோசித்துப் பார்த்தது. நரி சொன்னதில் தப்பே தெரியவில்லை. அதுதான் அதற்குப் பயமாக இருந்தது. குனிந்து பார்த்தது. தன் நகங்கள் நாலு காலிலும் தலைமைப் பாறையை இறுகப் பற்றியிருந்தன. எப்போது பற்றினோம் என்றுகூட அதற்குத் தெரியவில்லை!

"வேண்டாம்" என்றது உடும்பு. "இன்னைக்குக் கழுகு என்னைத் தூக்கிட்டுப் போயிருந்தா? அப்பவும் காடு செத்துத்தானே போயிருக்கும்? நான் இருந்தாத்தான் ஏரி நிக்கும்னா, நான் ஏரியைக் காப்பாத்தவே இல்லன்னு அர்த்தம். தள்ளு!"

அது ஒவ்வொரு நகமாகப் பிரித்துப் பாறையிலிருந்து இறங்கியது. நேரே ஏரிக்கரையில் இருந்த கூழைக்கடாப் பறவையிடம் போனது.

"உன் வாய்ப் பையில தண்ணி கொண்டு வர முடியுமா?"

"எவ்வளவு வேணும்?"

"ரெண்டே ரெண்டு வாய்!"

ஏரி ஓரத்தில் உடும்பு இரண்டு சின்னக் குழிகள் பறித்தது. ஒன்றைக் களிமண்ணோடு நிறுத்தியது. இன்னொன்றைக் களிமண்ணுக்குக் கீழே மணல் வரைக்கும் தோண்டியது. கூழைக்கடா ஒவ்வொன்றிலும் ஒரு வாய்த் தண்ணீரை ஊற்றியது. உடும்பு ஒரு வார்த்தையும் பேசவில்லை. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மணல் குழியில் இருந்த தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது. களிமண் குழியில் அப்படியே நின்றது.

"அட! அடியில ஓட்டை!" என்று கத்தியது முயல்.

ஏழு குட்டிக்காரி பன்றி சட்டிமூக்கி மணல் குழியையே வெறித்துப் பார்த்தது. அன்று காலையில் நாலில் ஒரு குழியைத் தோண்டியது அதுதான். "இன்னொரு தடவை ஊத்து" என்றது. ஊற்றினார்கள். அதுவும் போயிற்று. "அடப்பாவமே, கிழங்கைத் தின்னுட்டு என் குட்டிங்க வாயில மண்ணள்ளிப் போட்டேனே!" என்று அழுதேவிட்டது.

அடுத்த மூன்று நாளும் உடும்பு ஏரியைச் சுற்றவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் அந்த இரண்டு குழிகளைக் காட்டியது. கருமூக்கன் மட்டும் வரவில்லை. செந்நாய்க் கூட்டம் ஒன்று எல்லையில் திரிந்தது. அதை விரட்டப் போயிருந்தது.

நாற்பதாம் நாள் தேர்வு நடந்தது. யார் பின்னால் வரிசை நீளமோ அவர்தான் தலைவர். செந்நாய் வந்தால் விரட்ட ஆள் வேண்டாமா? நீளமான வரிசை கருமூக்கன் பின்னால்தான் நின்றது. உடும்பு கவலையோடு ஏரியைத் திரும்பிப் பார்த்தது. ஆனாலும், "ஒப்படைச்சாச்சு!" என்று சொல்லிவிட்டுத் தன் பொந்துக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை ஏரிப் பக்கம் ஒரே சத்தம். உடும்பு பொந்திலிருந்து பாய்ந்து கரைக்கு ஓடியது. படுகையில் கருமூக்கன் மூக்கைத் தரையில் வைத்து நின்றுகொண்டிருந்தது. "வாங்க, வாங்க! இனி கிழங்கு நம்ம இஷ்டம்!"

"அண்ணே, மூக்கை எடுங்க!" என்று முன்னால் வந்து நின்றது சட்டிமூக்கி.

"என்னது? நான் தலைவன்!"

"தலைவர் தோண்டினாலும் அடியில மணல்தான்!"

மான்கள் வந்து பக்கத்தில் நின்றன. முயல்கள் நின்றன. பன்றிக்குட்டிகளும் நின்றன. கூழைக்கடா வாய்ப் பையைத் திறந்து, "ஊத்திக் காட்டட்டுமா தலைவரே?" என்று கேட்டது. ஊற்றிக் காட்டியது. கருமூக்கன் ஒரு குழியைப் பார்த்தது. மறு குழியைப் பார்த்தது. தன் கூட்டத்தையும் பார்த்தது. பிறகு முணுமுணுத்துக்கொண்டே காட்டு வேரைத் தேடிப் போயிற்று.

கரையில் நின்ற உடும்பை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு முதலில் சுருக்கென்றது. 'நான் கஷ்டப்பட்டேன், ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?' என்றுகூட நினைத்தது. படுகையைப் பார்த்தது, புதுக் குழி ஒன்றுகூட இல்லை. பிறகு அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன்னை யாரும் தேடவில்லை என்பதற்காகச் சந்தோஷப்பட்ட முதல் தலைவர் அதுவாகத்தான் இருக்கும்!

மழை ஒரு நாள் தாமதமாகத்தான் வந்தது. மான்களும் பன்றிகளும் தாங்களாகவே ஒரு வாய் குறைத்துக் குடித்திருந்தன. அதனால் அன்றும் ஏரியில் எல்லோருக்கும் குடிக்கத் தண்ணீர் இருந்தது.

நாம் இருந்தால்தான் நடக்கும் என்ற நிலையில் ஒரு பொறுப்பை வைத்திருப்பது பெருமையல்ல. நாம் இறங்கிப் போன பிறகும் அது நடக்கும்படி எல்லோருக்கும் புரியவைப்பவரே நல்ல தலைவர்.